மானுக்குப் பயறு விதைக்கலாமா?

காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் நிலக்கடலையும் பயறும் விதைக்கும் பட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காட்டோரத்தில் கால் ஏக்கர் தட்டைப்பயற்றை மானுக்கென்றே விதைத்து விட்டால், அது அங்கேயே வயிறு நிரம்பி மீதிப் பயிரை விட்டு விடாதா? அமெரிக்காவில் மானுக்கென்றே பயிர் செய்கிறார்களாமே?" என்பதுதான் அது.

அமெரிக்காவில் மானுக்கென்று பயிர் செய்வது உண்மைதான். ஆனால் அது எதற்காகச் செய்யப்படுகிறது என்று தெரிந்து கொள்ளாமல் இங்கே செய்தால், விதைச் செலவும் நஷ்டம், பயிரும் நஷ்டம் என்பது என் கருத்து. அங்கே மானுக்கு விதைப்பவர் மானைத் தம் நிலத்துக்கு வரவழைக்கவே விதைக்கிறார். பயிரைக் காப்பது அவர் நோக்கம் அன்று. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வேட்டை நிலத்தில் ஒரு சாகுபடி

அமெரிக்காவில் வெண்வால் மான் என்ற இனம் பரவலாக உள்ளது. உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் அதைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் முடிகிறது. வேட்டைக்கென்று நிலம் வைத்திருப்பவர்களும், நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர்களும் மரங்களுக்கு நடுவே அரை ஏக்கர் முதல் இரண்டு மூன்று ஏக்கர் வரை திருத்தி, மானுக்கான தீவனப் பயிரை விதைக்கிறார்கள். மொத்த நிலத்தில் இது நூற்றுக்குச் சில பங்கே இருக்கும்.

இதை அவர்கள் ஏனோதானோ என்று செய்வதில்லை. முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். தென்கிழக்கு மாநிலங்களில் மண் புளிப்புத் தன்மை கொண்டது. ஆகவே பரிசோதனை முடிவுக்கு ஏற்பச் சுண்ணாம்பு இட்டு, கார அமிலநிலையை 6-க்கு மேல் கொண்டு வருகிறார்கள். பயறு வகை விதையாக இருந்தால் அதற்குரிய ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதைக்கிறார்கள். மான் ஒளிந்து நிற்கக் கூடிய புதர்களுக்கு அருகில், நீண்டு குறுகிய வடிவில் நிலத்தை அமைக்கிறார்கள். திறந்த வெளியின் நடுவே வர மான் அஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும். காற்று மானிடமிருந்து தம் பக்கம் வீசும் திசையாகப் பார்த்துப் பரண் கட்டுகிறார்கள். நம் ஊரில் பரண் மேல் ஏறித் தகரத்தைத் தட்டுகிறோம். அங்கே பரண் மேல் ஏறி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கே விதைக்கும் பயிர்களைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். குளிர் தாங்கும் பயிர்களில் முதன்மையானது குளோவர். இது குதிரைமசாலைப் போன்ற பயறு இனத் தீவனம். ஒரு முறை விதைத்த வெள்ளைக் குளோவர் நல்ல பராமரிப்பில் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். இதனுடன் ஓட்ஸ், கோதுமை, டர்னிப் ஆகியவற்றையும், காப்பித் தூளில் நாம் கலக்கும் சிக்கரியின் செடியையும் விதைக்கிறார்கள். கோடையில் விதைப்பவையோ நாம் நன்கு அறிந்தவை. தட்டைப்பயறு, சோயா மொச்சை, அவரை இனப் பயிர், சோளம், சணப்பை ஆகியவை அவை. தட்டைப்பயற்றில் 'அயர்ன் அண்ட் கிளே' என்ற பழைய ரகம் இன்றும் மானுக்கென்று விற்பனையாகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 'ரியோ வெர்டே' என்ற அவரை இன ரகத்தை உருவாக்கினார்கள். இலையை மான் கடித்தாலும் தாங்கித் துளிர்ப்பது அதன் சிறப்பு.

மானுக்குப் பிடித்த தீனி எது என்று அவர்கள் தேடித் தேடிக் கண்டு கொண்ட பட்டியலில் பாதி நம் வயலிலேயே நிற்கிறது. மான் நம் வயலுக்கு வருவதில் வியப்பே இல்லை.

அங்கே வரவு, இங்கே செலவு

அமெரிக்காவிலும் காட்டு மான் நில உரிமையாளருக்குச் சொந்தமன்று, பொதுச் சொத்துதான். ஆனால் நிலத்துக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை நிலத்தவருடையது. அந்த உரிமையை ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். மான் நிறைய வரும் நிலத்துக்குக் குத்தகை கூடுதல். ஆகவே விதைக்கும் உரத்துக்கும் செய்த செலவு அவருக்குத் திரும்பி விடுகிறது. இறைச்சியும் கிடைக்கிறது.

அரசுக்கும் இதில் வருவாய் உண்டு. 1937-ஆம் ஆண்டு கொண்டு வரப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டாக்கள் மீது வசூலாகும் வரி மாநிலங்களின் வன உயிர்ப் பணிக்குச் செல்கிறது. வேட்டை உரிமக் கட்டணமும் அந்தப் பணிக்கே. விஸ்கான்சின் மாநிலத்தில் மானால் பயிர் இழந்த விவசாயிக்கு நஷ்டஈடு தரும் திட்டம் ஒன்று உள்ளது. அதற்கான பணத்தின் பெரும் பகுதி வேட்டை உரிமத்தோடு சேர்த்து வசூலிக்கப்படும் தொகையிலிருந்து வருகிறது. மானால் மகிழ்பவர், மானால் நஷ்டப்படுபவருக்கு ஈடு செய்கிறார் என்பது அதன் அடிப்படை.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். இந்தச் சட்டம் தேவையானது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் மானுக்கு விதைத்த விவசாயிக்குக் குத்தகையும் இல்லை, இறைச்சியும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது நாளைக்கு இன்னும் நான்கு மான் வரும் என்பது மட்டுமே. அங்கே வரவுக் கணக்கில் எழுதப்படுவது இங்கே செலவுக் கணக்கில் விழுகிறது. கணக்குப் புத்தகமே வேறாக இருக்கும்போது முறையை மட்டும் எடுத்துக் கொள்வதில் பொருள் இல்லை.

தீனி பெருகினால் மான் திரும்பிப் போகுமா?

"வயிறு நிரம்பினால் மான் போய் விடும்" என்ற எண்ணத்தையும் ஆராய்வோம். வெண்வால் மான் ஒன்று நடமாடும் பரப்பு சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்று பொதுவாகக் கொள்ளலாம். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். அந்தப் பரப்பில் ஒருவர் ஓர் ஏக்கரில் சுவையான தீனி வைத்தால், சுற்றுவட்டார மான்கள் அங்கே கூடும். கூடிய மான்கள் அந்த ஓர் ஏக்கரோடு நிற்பதில்லை. அமெரிக்காவிலேயே வேட்டை நிலத்தை அடுத்து மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடும் விவசாயிகள் மானால் பெரும் இழப்புக்கு ஆளாகிறார்கள். பல மாநிலங்களில் அவர்களுக்கு வேட்டைப் பருவத்துக்கு வெளியேயும் மானைச் சுடத் தனி அனுமதி தர வேண்டியுள்ளது.

இன்னொரு செய்தி கவனிக்கத் தக்கது. தட்டைப்பயறு, சோயா ஆகியவற்றை ஓர் ஏக்கருக்கும் குறைவான இடத்தில் விதைத்தால், முளைத்து இரண்டு இலை விட்டதுமே மான் முழுவதையும் மேய்ந்து விடுகிறது. ஆகவே செடி நன்கு வளரும் வரை சுற்றிலும் மின்வேலி போட்டு மானை வெளியே நிறுத்துகிறார்கள். மானுக்கென்று விதைத்த பயிரை மானிடமிருந்து காக்க வேலி! கால் ஏக்கர் பயறு மானை எத்தனை நாள் நிறுத்தி வைக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சில நாடுகளில் பறவைகளுக்கு இவ்வாறு ஈர்ப்புப் பயிர் விதைத்துப் பயன் கண்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். கனடாவின் கோதுமைப் பகுதிகளில், அறுவடைக் காலத்தில் கூட்டமாக இறங்கும் காட்டு வாத்துகளுக்கென்று தனி வயல் விடப்பட்டதுண்டு. ஆனால் வாத்து வலசை போகும் பறவை. சில வாரங்களில் தெற்கே பறந்து விடும். அதுவரை சமாளித்தால் போதும். மான் எங்கும் போவதில்லை. தின்ற இடத்திலேயே குட்டி போடுகிறது. நல்ல தீனி கிடைத்த வெண்வால் பெண்மான் இரட்டைக் குட்டி ஈனுவது சாதாரணம். நம் புள்ளிமானோ ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்யக் கூடியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளவற்ற வேட்டையால் அமெரிக்காவில் வெண்வால் மான் சுமார் ஐந்து லட்சமாகக் குறைந்திருந்தது. இன்று அது சுமார் மூன்று கோடி என்று மதிப்பிடப்படுகிறது. பாதுகாப்புச் சட்டங்களும், ஓநாய் போன்ற விலங்குகள் அருகியதும், விளைநிலங்கள் தந்த தீனியும் சேர்ந்து செய்த வேலை இது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சுட்ட பிறகும் இந்த எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது.

நம் புள்ளிமானின் கதையும் அங்கே உண்டு. 1860-களில் ஹவாய்த் தீவுகளுக்குப் பரிசாக அனுப்பப்பட்ட சில புள்ளிமான்கள் மொலொகாய் தீவில் விடப்பட்டன. மாயி தீவுக்கு 1959-ல் கொண்டு சென்றார்கள். அங்கே புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. மான்கள் பல்கி, மேய்ச்சல் நிலத்தையும் காய்கறித் தோட்டங்களையும் அழித்தன. வறட்சி வந்தபோது தீனியின்றி நூற்றுக்கணக்கில் மடிந்தன. 2021-ல் அதற்காக அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. மானை அளவின்றிப் பெருக விடுவது விவசாயிக்கும் நல்லதன்று, மானுக்கும் நல்லதன்று.

கூட்டிச் சேர்ப்பதால் வரும் நோய்

ஒரே இடத்தில் தீனி வைத்து மான்களைக் கூட்டுவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. மான்களை மெலிய வைத்துக் கொல்லும் ஒரு நோய் 1967-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் முதலில் காணப்பட்டது. கிருமியாலோ வைரஸாலோ வருவதன்று இது. பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் வருவது. மருந்து கிடையாது. அந்தப் பிரியான் மண்ணில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். விஸ்கான்சினில் மான்கள் வந்து நக்கும் உப்பு இடங்களின் மண்ணில் அது இருப்பதை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால்தான் நோய் உள்ள பகுதிகளில் தானியத்தைக் கொட்டி மானை ஈர்ப்பதைப் பல மாநிலங்கள் தடை செய்துள்ளன. விதைத்து வளர்த்த பயிரில் மான்கள் பரவி நின்று மேய்வதால் ஆபத்து சற்றுக் குறைவு என்றாலும், அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இரக்கப்பட்டு அரிசி, மக்காச்சோளம், மீந்த காய்கறி ஆகியவற்றைக் காட்டோரத்தில் கொட்டி வைக்காதீர்கள். தானியத்தைத் திடீரென்று அதிகமாகத் தின்ற வெள்ளாடு வயிறு உப்பிச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். மானும் அசை போடும் பிராணிதான். அதற்கும் அதே கதிதான்.

நாம் எடுத்துக் கொள்ளத் தக்கவை

அமெரிக்க முறை முழுவதையும் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் நமக்குப் பயன்படக் கூடியவை இரண்டு உண்டு.

முதலாவது, கூண்டு. மானுக்கு விதைப்பவர்கள் பயிரின் நடுவே மூன்று நான்கு அடி அகலமுள்ள வட்டமான கம்பி வலைக் கூண்டை நிறுத்தி வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் செடியை மான் தொட முடியாது. உள்ளே உள்ள பயிரையும் வெளியே உள்ளதையும் ஒப்பிட்டால், மான் எவ்வளவு தின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். அவர்கள் மகிழ்ச்சிக்காகப் பார்க்கும் கணக்கை நாம் நஷ்டஈட்டுக்காகப் பார்க்கலாம்.

விதைத்த உடனேயே ஏக்கருக்கு மூன்று நான்கு கூண்டுகளைக் காட்டோரத்திலும் நடுவிலுமாக வையுங்கள். கூண்டின் உயரம் நான்கடிக்குக் குறையக் கூடாது. மூங்கில் குச்சிகளை நட்டுச் சுற்றிலும் வலை கட்டினாலும் போதும். கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே தண்ணீர் இருக்க வேண்டும். அறுவடையின்போது உள்ளே ஒரு சதுர மீட்டர் மகசூலையும், அருகே வெளியே ஒரு சதுர மீட்டர் மகசூலையும் தனித்தனியே நிறுத்துக் குறியுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். உள்ளே 200 கிராம், வெளியே 140 கிராம் என்றால் வித்தியாசம் 60 கிராம். ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். ஆகவே இழப்பு ஏக்கருக்கு 240 கிலோ. எல்லாக் கூண்டுகளின் சராசரியை எடுத்துக் கொள்ள வேண்டும். விதைத்த நாள், கூண்டு வைத்த நாள், புகைப்படம், எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், வனத்துறையிடம் இழப்பீடு கேட்கும் மனுவுக்கு அது வலு சேர்க்கும். "எல்லாவற்றையும் மான் தின்று விட்டது" என்று வாயால் சொல்வதற்கும் எடை காட்டிச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

தின்றது எது என்றும் பார்க்க வேண்டும். மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் இல்லை. ஆகவே அது கடித்த தண்டு பிய்ந்தாற்போல் சிம்பு சிம்பாக இருக்கும். முயலும் எலியும் கடித்தால் கத்தியால் சீவியது போல் இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானைப் போன்ற பல் அமைப்பே உள்ளதால், குளம்படியையும் புழுக்கையையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்ததற்கு மான் மேல் பழி போட்டால், உண்மையான இழப்பையும் அதிகாரிகள் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, வேலி. மானுக்குப் பார்வைத் தூரத்தைக் கணிக்கும் திறன் குறைவு. இதைப் பயன்படுத்தி அவர்கள் மூன்றடி இடைவெளி விட்டு இரு வரிசை வேலி போடுகிறார்கள். வெளி வரிசையில் ஒரு கம்பி, உள் வரிசையில் இரண்டு கம்பி. உயரம் குறைவுதான் என்றாலும், அகலத்தைக் கண்டு மான் தாண்டத் தயங்குகிறது. அந்தக் கம்பியில் நிலக்கடலை விழுது தடவிய தகட்டைத் தொங்க விடுவதும் உண்டு. முகர வரும் மானின் மூக்கில் சுருக்கென்று அடித்து, அடுத்த முறை அது விலகிப் போகிறது. இதில் ஓடுவது விட்டு விட்டுப் பாயும் மெல்லிய அதிர்ச்சி மட்டுமே. சூரிய ஒளி வேலிக் கருவிகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. நம் மாநிலத்தில் காட்டோர மின்வேலிகளுக்கு 2023-ல் தனி விதிகள் வந்துள்ளன. பதிவு செய்து, தரமான கருவியை வாங்கி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து அமைப்பது நல்லது. வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் லயனையோ நேராகக் கம்பியில் பாய்ச்சுவது கொலைக்கு ஒப்பானது. மானும் யானையும் மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் அதில் இறந்திருக்கிறார்கள். சிறைத் தண்டனையும் உண்டு.

வேலிக்கு வசதி இல்லாதவர்கள் காட்டை ஒட்டிய வரிசைகளில் மான் விரும்பித் தின்னாத ஆமணக்கு, மிளகாய், மஞ்சள் போன்றவற்றைப் பயிரிட்டு, பயறையும் கடலையையும் வீட்டுப் பக்கம் தள்ளி வைக்கலாம். மான் பஞ்ச காலத்தில் எதையும் கடிக்கும். என்றாலும் வாசலிலேயே விருந்து வைப்பதைக் காட்டிலும் இது மேல்.

மானுக்கு விதைக்க வேண்டியவர் யார்?

மானுக்குத் தீனி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அதை இரண்டு ஏக்கர் விவசாயி தம் நிலத்தில் தம் செலவில் விளைவிக்க வேண்டும் என்பதில்தான் மாறுபாடு. மான் நாட்டின் சொத்து என்றால் அதன் தீனிச் செலவும் நாட்டைச் சேர்ந்தது. அந்தத் தீனி விளைய வேண்டிய இடம் காட்டின் உட்பகுதி.

நம் காடுகளில் பல இடங்களில் புல் விளைய வேண்டிய இடத்தை உண்ணிச் செடியும், சீமைக் கருவேலும், மஞ்சள் கொன்றை எனப்படும் அயல்நாட்டு மரமும் அடைத்துக் கொண்டுள்ளன. உண்ணிச் செடி மண்டிய இடத்தில் மானுக்கு ஒளிய இடம் உண்டு, தின்ன ஒன்றும் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-ல் இத்தகைய அயல் தாவரங்களை அகற்றி இயற்கைத் தாவரங்களை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு நின்று விடாமல், அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் வகைகளை நிலை நிறுத்தி, காட்டுக்குள்ளேயே கோடையில் தண்ணீரும் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்த வேலை காட்டின் எல்லைக் கோட்டில் அல்லாமல் உட்புறத்திலிருந்து தொடங்கப்பட வேண்டும். எல்லையில் புல் வளர்த்தால், மானை நம் வரப்பில் கொண்டு வந்து நிறுத்தியதாகத்தான் முடியும். அகற்றும் வேலையைக் காட்டோரக் கிராமத்தாருக்குக் கூலி வேலையாகக் கொடுத்தால் இரு தரப்புக்கும் நன்மை.

இதைத் தனி ஒருவர் கேட்டால் நடக்காது. ஒரு சதுர மைல் சுற்றும் மான் பத்து இருபது பேரின் நிலத்தைத் தொடுகிறது. ஆகவே அத்தனை பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். ஊரில் பத்துப் பேர் கூண்டு வைத்து, எடைக் கணக்குடன் கிராம சபையில் தீர்மானம் போட்டால், இழப்பீட்டையும், காட்டுக்குள் புல்வெளி மீட்பையும் ஒரே மனுவில் கேட்க முடியும்.

அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கும்போது, மானுக்கென்று ஒதுக்க நினைத்த அந்தக் கால் ஏக்கர் விதைக்கான பணத்தில் நான்கு கூண்டுக்கு வலை வாங்கி வையுங்கள்.